விடுபட்ட குலை

திராட்சைக் குலையைக் கண்டவன் சூரிச்சிலிருந்து வந்த தொப்பிக்காரன்.

கண்டதும் சேவல் மாதிரிக் கூவினான். சரிவில் நின்ற விருந்தாளிகள் எல்லாரும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

பரமேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். குலை தொங்கியது அவள் நேற்று வெட்டி முடித்த வரிசையில்.



காலையில் முதலாளி அந்த வழக்கத்தை விருந்தாளிகளுக்கு இரண்டு பாஷையில் சொல்லியிருந்தார். திராட்சை வெட்டுகிற பெண் ஒரு குலையைத் தவறவிட்டால், அதைக் கண்டெடுக்கிற ஆண் அவளை முத்தமிடலாம். நொஷாட்டல் ஏரிக்கரையில் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தானாம்.

அவள் புருஷன் சிவநேசன்தான் அதைத் தமிழில் சொன்னான். விடியவே குலை சுமக்கும் முதுகுத் தொட்டிகளைக் கழுவ வேண்டும் என்று அவளுக்கு முன்பே தோட்டத்துக்கு ஏறிப்போனவன், காற்சட்டைக் காலெல்லாம் பனியில் நனைந்து நின்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சும்மா பகிடிக்கு. உனக்கென்ன பயம்? நீ எப்ப குலை விட்டனீ?"

உண்மைதான். அவள் விட்டதில்லை. இலைக்கு இலை தூக்கிப் பார்த்து வெட்டுகிறவள். கூட வெட்டுகிற போர்த்துக்கேயப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், இந்தத் தோட்டத்தை உனக்கா எழுதித் தரப்போகிறார்கள் என்று.

விருந்தாளிகள் நேற்று ரயிலில் வந்து இறங்கினார்கள். கப்பலில் ஏரியைச் சுற்றினார்கள். பொரித்த மீன் தின்றார்கள். பின்னேரம் நிலவறைக்குள் போய் வைன் ருசி பார்த்தார்கள். இன்று திராட்சை வெட்டுகிறார்கள். அவள் கூலிக்குச் செய்கிற வேலையை அவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

ஆளுக்கு நாலு குலை வெட்டினால் பிறகு படம்தான். ஏரியைப் பிடித்தார்கள். மலையைப் பிடித்தார்கள். குனிந்து நின்ற அவளையும் பிடித்தார்கள். கேட்கவில்லை.

அடுத்த கிழமையோடு அறுவடை முடிகிறது. மாரிக் குளிருக்கு நிலவறை வேலைக்கு ஓர் ஆளை மட்டும் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரு போர்த்துக்கேயனும் சிவநேசனும் அதற்குக் காத்திருந்தார்கள். வேலை இல்லாவிட்டால் தோட்டத்து அறையும் இல்லை. திரும்ப அகதி முகாம்தான். ஒரு அறைக்குள் மூன்று குடும்பம், நடுவில் தொங்கும் படுக்கை விரிப்புகள்.

விருந்தாளிகள் மனம் குளிர்ந்து போகவேண்டும், அதற்கு ஏற்ற ஆள்தான் எனக்குத் தேவை என்பார் முதலாளி. சிவநேசன் இரவும் பகலும் அதையே கதைத்தான்.

தொப்பிக்காரன் குலையைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஏறி வந்தான். பின்னால் அவன் மனைவி கமெராவைக் கண்ணில் வைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள்.

பரமேஸ்வரி புருஷனைத் தேடினாள். முதுகில் தொட்டியோடு வரிசை முடிவில் நின்றான். பாஷை தெரிந்தவன் அவன்தான்.

"இஞ்சேருங்கோ, வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"கன்னந்தானே. மூஞ்சையை நீட்டாதை, முதலாளி பாக்கிறார்."

அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை எங்கே இறக்கலாம் என்று தொப்பிக்காரனின் முகத்தில் ஒரு கணம் இடம் பார்த்தாள்.

பிறகு முகாமை நினைத்தாள். கண்ணை மூடினாள்.

வைன் நாற்றம். முள்ளுத் தாடி. கன்னத்தில் தொட்ட வாய் சறுக்கி உதட்டோரத்துக்கு வந்தது. கமெரா சொடுக்கியது.

படம் சரியாக விழவில்லையாம். அவன் மனைவி இன்னொருமுறை என்றாள்.

இன்னொருமுறை நடந்தது.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். கிளாசில் வைன் ஊற்றிச் சிவநேசனிடம் நீட்டி, அவன் தோளில் தட்டினார். சிவநேசன் இரண்டு கையாலும் வாங்கினான்.

தொப்பிக்காரன் குலையை அவள் கையில் பூச்செண்டு போல வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

அவள் சட்டைக் கையால் வாயைத் துடைத்தாள். தோல் எரியும்வரை துடைத்தாள். பிறகுதான் குலையைப் பார்த்தாள்.

கொடியில் காய்த்த இடத்திலிருந்து பிடுங்கிய குலை இல்லை அது. காம்பு முன்பே வெட்டுப்பட்டு, வெட்டுவாய் கறுத்திருந்தது. காம்பைச் சுற்றி, கொடியைக் கம்பியோடு கட்டுகிற நார். யாரோ வெட்டிய குலையைக் கொண்டுவந்து வெறும் வரிசையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நாரின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். முடிச்சு முழுதாக அவிழ்ந்து கையோடு வந்தது.

புகையிலை முடிச்சு. யாழ்ப்பாணத்தில், அவர்கள் ஊர் புன்னாலைக்கட்டுவனில், புகைக்குடிலுக்குள் புகையிலையைத் தொங்கவிடக் கட்டுகிறது. எவ்வளவு பாரத்தையும் தாங்கும், நுனியை இழுத்தால் அவிழும். கலியாணம் முடித்த வருசத்திலிருந்து ஒருவருக்கு எதிரே ஒருவர் குந்தியிருந்து அவர்கள் கட்டிய முடிச்சு.

அந்தச் சரிவில் அதைக் கட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவள் கட்டவில்லை.

நாரை விரலில் சுற்றிக்கொண்டு சிவநேசனிடம் நடந்தாள். அவன் வைனைப் பாதி குடித்திருந்தான். நாரைக் கண்டதும் கிளாஸ் வாயிலேயே நின்றது.

"இன்னும் எத்தினை கட்டி வைச்சிருக்கிறியள்?"

அவன் கண் கீழ் வரிசைகளுக்குப் போனது.

கீழே, நேற்று அவள் வெட்டி முடித்த இன்னொரு வரிசையில், யாரோ சேவல் மாதிரிக் கூவினார்கள்.