தூண்டில் முள் பார்சல்

பார்சலைப் பிரித்த லுபோஷ், சமையலறையிலேயே ஒரு குதி குதித்தான். உடனே நண்பன் மிரெக்குக்குப் போன் போட்டான்.

“டேய், வந்துடுச்சுடா! என் மாடல் குண்டுவீச்சு விமானத்துக்கு ரெசின்ல வார்த்த பைலட் சீட்டுங்க! நகத்தளவுதான் இருக்கு, அதுல பெல்ட்டு, பக்கிள்கூடத் தெரியுது! சனிக்கிழமை போட்டியில நீ காலிடா. இதை வார்த்த அந்த ‘ஆந்தை’ கம்பெனிக்காரன் மட்டும் எதிர்ல வரட்டும், கையைப் பிடிச்சு முத்தமே குடுத்துடுவேன்!”

வாசலில் மனைவி யிட்கா நின்றிருந்தாள். தங்கை வீட்டு நிலவறையில் மெழுகுவர்த்தி வார்க்கப் போவதாகச் சொல்லிப் போனவள், இன்று சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

பொம்மை விமானத்துக்கு இவ்வளவு செலவா என்று கத்துவாளே! போனை வைத்துவிட்டு, பார்சலை ரொட்டிக் கூடைக்குப் பின்னால் தள்ளினான்.

“என்ன அது?”

“தூண்டில் முள்ளு.”

“மறுபடியுமா? இந்த வருஷம் ஒரு கெண்டைகூட வீட்டுக்கு வரலையே!”

“மீனெல்லாம் உஷாராயிடுச்சு யிட்கா.”

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

“சரி, அந்த முள்ளைச் சோப்புத் தண்ணியில நல்லாக் கழுவிடு. இல்லேன்னா பெயின்ட் ஒட்டாது. சீட்டோட சேர்ந்து வார்த்திருக்கற அடிக்கட்டையைப் பின்பக்கமா அறு.”

லுபோஷ் ரொட்டிக் கூடையைத் திரும்பிப் பார்த்தான்.

“உனக்கெப்படி...?”

“போன தடவை அறுக்கறப்போ பெல்ட் உடைஞ்சுபோச்சுன்னு ‘ஆந்தை’ கம்பெனிக்குப் புகார் எழுதினியே? அதான் இந்தத் தடவை கொஞ்சம் தடிமனா வார்த்தேன்.”

ரெசின் காய்ந்து ஒட்டியிருந்த கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“எங்கே என் முத்தம்?”