துறை

கிணறு வெட்டி முட்டி தேய்ந்து, இனி இறங்க முடியாது என்றானபின் எழுதப் படிக்கக் கற்றவர் மாசானம். வீட்டிலிருந்தே கட்டுரை எழுதும் வேலைக்கு மனுப் போட்டார். கைப்பேசியில் ஒரு கேள்வி பாக்கி நின்றது: உங்கள் துறை எது? துறை என்றால் அவருக்குத் தெரிந்தது படித்துறைதான்.

“அழகுக் குறிப்புன்னு போடுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா நம்பிருவாங்க,” என்றாள் மனைவி செவ்வந்தி.

“எனக்குத் தண்ணிதான தெரியும்” என்று ‘கிணறு’ என நிரப்பினார். மாதிரிக்கு இரண்டு வரி கேட்டது. எழுத்தெழுத்தாகத் தேடி முதல் வரியை அழுத்தினார்: ‘ஊற்று வருமுன் காலடி மண் குளிரும்.’

வாய்விட்டுப் படித்தார். உள்ளங்கால் சில்லென்றது. குனிந்து பார்த்தார். சிமெண்டுத் தரை ஈரமாய்க் கறுத்திருந்தது.

அடுத்த வரிக்கு விரலைத் தூக்கியவர் மெதுவாகச் சொன்னார்: “செவ்வந்தி, பாயச் சுருட்டு.”