அந்த ஒரு லூட்

"இன்னும் ஏத்தாதடி அவுரேலியா, அறுந்துடும்" என்று பிரிஜிதா சொல்லச் சொல்லக் கேட்காமல், என் லூட்டின் மேல் நரம்பை இன்னொரு மயிரிழை முறுக்கினேன்.

பின்னே? கம்பித் தட்டிக்கும் கறுப்புத் திரைக்கும் அந்தப் பக்கம் ஆயர் அனுப்பிய சாமி உட்கார்ந்திருக்கிறார். கணீரென்று கேட்க வேண்டாமா?

திருச்சபைச் சங்கம் கூடிச் சட்டம் போட்டாலும் போட்டது, கன்னியர் மடங்களில் ஆர்கனைத் தவிர வேறு வாத்தியமே கூடாதென்று ஃபெராரா நகர் முழுக்க ஒரே கெடுபிடி. எங்கள் மடத்து வயோலாக்களும் குழல்களும் காலையிலேயே வாசலில் நின்ற வண்டியில் ஏறிவிட்டன. மிச்சம் இருந்தவை எங்கள் இரண்டு லூட்கள்தான்.

பாதிப் பூசணி போல வயிறும் ஆட்டுக்குடல் நரம்புமாக இருக்கும் இந்தச் சனியன்கள் இல்லாமல் எங்கள் இருவருக்கும் பொழுது போகாது. அவை போனால் நாங்கள் செத்த மாதிரிதான்.

ஒரே ஒரு உருப்படி கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சாமி ஒப்புக்கொண்டிருந்தார். அதுவே எங்கள் தலைவி அம்மா கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது.

நான் மூச்சை இழுத்தேன். அதுதான் நாங்கள் தொடங்கும் கணக்கு. இருவரும் ஒரே நொடியில் நரம்பைத் தொட்டோம்.

அது தனியாக வாசிப்பதற்கென்றே கட்டிய உருப்படி. பக்கவாத்தியம் நுழைய அதில் சந்து பொந்து கிடையாது. ஆனால் பிரிஜிதா நுழைவாள். நான் ஓடும்போது அவள் நிற்பாள். நான் நிற்கும்போது அவள் நடப்பாள். நான் எங்கே சறுக்குவேன் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

கேட்டவர்கள் எல்லாரும் என்னைத்தான் புகழ்வார்கள். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நானாயிருந்தால் மடத்தையே இரண்டாக்கியிருப்பேன்.

உச்சிக்கு ஏறுகிற இடம். சுண்டுவிரலை வைத்து அழுத்தினேன்.

பட்!

மேல் நரம்பு அறுந்து என் கன்னத்தில் அடித்தது.

போச்சு. எல்லாம் போச்சு. என் திமிரால் போச்சு.

ஆனால் அடுத்த சுரம் வந்தது. நான் வாசிக்க வேண்டிய சுரம், அதே இடத்தில், அதே அழுத்தத்தில், நான் செய்கிற அந்தச் சின்னக் குழைவோடு, பிரிஜிதாவின் விரலிலிருந்து வந்தது.

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முழங்காலால் என் முழங்காலை ஒரு இடி இடித்தாள். அவ்வளவுதான், அவள் விட்டுவிட்டு வந்த அடிச்சுரங்களை நான் பிடித்துக்கொண்டேன். திரைக்கு அப்பால் நாற்காலி கிரீச்சிட்டது. தடுமாற்றம் சாமி காதில் விழாமலிருக்கத் தலைவி அம்மா உடனே லொக்கு லொக்கென்று இருமினார்.

அம்மாடி, என்ன வாசிப்பு! இத்தனை வருஷமாக என் வாசிப்பு முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, எனக்காக அடக்கி வாசித்திருக்கிறாள். கன்னத்தில் ரத்தம் வழிய வழிய அவளையே பார்த்தபடி வாசித்து முடித்தேன்.



"ஒருத்தி ரெண்டு கையால இவ்வளவு வாசிக்க முடியுமா!" என்றார் சாமி திரைக்கு அப்பாலிருந்து. "சரி, அந்த ஒரு லூட் இங்கயே இருக்கட்டும். வேற ஏதாவது இருந்தா வண்டியில ஏத்திடுங்க."

ஒருத்தியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதா அது, காலிப் பானையா? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பிரிஜிதா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் பாவம் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர் வாசிச்சது அவருக்குக் கேக்கவே இல்லையாம்டி!" என்றாள் என் காதில், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

பணிவிடைச் சகோதரி வந்து பிரிஜிதாவின் லூட்டைத் தூக்கக் குனிந்தாள். இவள் மறுபேச்சில்லாமல் கொடுக்கப் போனாள். தலைவி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் மடிகளில் இருந்த இரண்டு லூட்களையும் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"அந்தச் சகோதரியோட பேர் என்னம்மா?" என்று திரைக்கு அப்பாலிருந்து சாமி கேட்டார்.

அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"அவுரேலியா பிரிஜிதா, சாமி."

"நல்ல பேர்" என்றார் சாமி.