அப்பாவின் காதுக்கு அளந்த ஹெட்போன்

அப்பாவின் காதுகளில் குட்டி மைக்குகளை வைத்து, அறையைச் சுற்றியிருந்த ஸ்பீக்கர்களை ஒலிக்கவிட்டு, எந்தத் திசைச் சத்தம் அவர் காதில் எப்படி விழுகிறது என்று ஹெட்போனுக்கு அளவெடுத்தார்கள். அதன்பிறகு அதை மாட்டிக்கொண்டு பார்க்கும் படத்தில் பின்பக்கம் மயில் அகவினால் அப்பா திரும்பியே பார்த்துவிடுவார். ஹெட்போனுக்கு ஏகப் பெருமை.

ஒருநாள் மகள் ஆதிரை அதை மாட்டிக்கொண்டாள். அதே மயில் அவளுக்குப் பின்னால் கேட்காமல் தலைக்குள்ளேயே அகவியது.

“என் அளவு தப்பாது, பாப்பா. உன் காதுலதான் ஏதோ கோளாறு” என்றது ஹெட்போன்.

ஆதிரை மிரண்டுபோய் அதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“இவ காதை எப்ப அளந்தே, தம்பி?” என்று கேட்டது மூலையிலிருந்த ஸ்பீக்கர்.

ஹெட்போன் கூனிக் குறுகியது. காதுக்குள் மட்டுமே பேசத் தெரிந்த அதற்கு, மன்னிப்புக் கேட்க ஒரு காது வேண்டியிருந்தது. ஆதிரையோ இரண்டையும் கைகளால் மூடிக்கொண்டு நின்றாள்.