மகாராஜாவுக்கு முட்டி வலி

"மேடையே வேண்டாம்" என்றார் மகாராஜா.

நாடகக் குழு மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

பஸ் பழுது பார்க்கும் பழைய கொட்டகை அது. இப்போது அந்தப் பகுதி மக்களுக்கான கலை மையமாக மாறிக்கொண்டிருந்தது. உள்ளே அரங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று, நடிக்கப் போகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என வந்திருந்தாள் ஆர்க்கிடெக்ட்.

மகாராஜா என்பது பட்டப்பெயர். எந்த நாடகம் போட்டாலும் ராஜா வேஷம் அவருக்குத்தான். மற்ற நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்.

"மேடை இல்லாம எங்க சார் நடிப்பீங்க?"

"தரையிலதான். படியே கூடாது. ஜனங்க உட்கார்ற வரிசையை வேணா பின்னாடி போகப் போக உயர்த்துங்க, வேண்டாதப்போ சுவரோட மடிச்சுத் தள்ளுற மாதிரி. முன்வரிசை தரையிலயே இருக்கட்டும். சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு ஆகும்."

அவள் ஆர்வமாகக் குறித்துக்கொண்டாள்.

"அப்புறம், நடிக்கிற இடத்தோட ஓரத்துல சொரசொரன்னு ஒரு பட்டை, காலுக்குத் தட்டுப்படணும். உள்ளே போற வழியில கைப்பிடி. சுவரெல்லாம் கறுப்புன்னா கதவு நிலைக்கு மட்டும் வெள்ளை."

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"வயசாகுதுல்ல? முட்டி வலி. கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

வக்கீலம்மா வாய்விட்டுச் சிரித்தார். குழுவின் கதாநாயகியும் அவர்தான், இயக்குநரும் அவர்தான். கோர்ட்டில் பேசும் அதே கணீர்க் குரல்.

"நமக்கு அரங்கம் கட்டுறாங்களா, இவருக்கு ஆஸ்பத்திரி கட்டுறாங்களா?"

கொட்டகையே அதிர்ந்தது.

"உயரமா நின்னாத்தானே மேடம் கெத்து?" என்றார் வில்லனாக நடிப்பவர். "ஒருத்தர் முட்டிக்காக எல்லாரும் தரைக்கு இறங்கணுமா? இவர் சொல்ற மாதிரி கட்டினா சீட்டு வேற குறையும்."

அடுத்த வாரம் கூடி முடிவு செய்வதாகக் கலைந்தார்கள்.

ஆர்க்கிடெக்ட் வெளியே வந்தபோது வாசலில் ஒரே கூச்சல். டிரைவிங் ஸ்கூல் கார், ஓட்டக் கற்க வந்தவரோடு சரிவில் தானாக உருண்டுகொண்டிருந்தது.

மகாராஜா ஓடினார். கட்டைச் சுவரை ஒரே தாவு. ஜன்னலுக்குள் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்தார். கார் நின்றது. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"முட்டி வலின்னீங்க?"

லைசென்ஸ் டெஸ்ட்டில் கோட்டை மிதித்துவிட்டவர் போல முழித்தார் மகாராஜா.

"எல்லார் முன்னாடியும் எதுக்கு சார் பொய்?" அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, தெரிந்துகொள்ளாமல் போக மனசும் வரவில்லை.

அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "நாளைக்கு ஒத்திகைக்கு வாங்க. வந்து வக்கீலம்மாவோட கையை மட்டும் பாருங்க."

போனாள். பார்த்தாள்.

வசனம் பேசும்போது வீசி வீசி ஆடிய அந்தக் கை, வக்கீலம்மா உள்ளே திரும்பும்போதெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டே போனது. பக்கத்திலிருந்து ஒருவர் தண்ணீர் நீட்டினார். கை அதை வாங்கவேயில்லை. யாரோ நகர்த்தி வைத்த ஸ்டூலில் இடித்துக்கொண்டு, "சாமானை இடத்துல வைக்கிற பழக்கமே கிடையாதா?" என்று எரிந்து விழுந்தார்.

"அவங்களுக்கு..." என்று இழுத்தாள் ஆர்க்கிடெக்ட்.

"நேரா இருக்கிறது தெரியும்" என்றார் மகாராஜா மெதுவாக. "பக்கத்துலயும் காலடியிலயும் தெரியாது. கார் ஓட்டுறதை விட்டப்பவே எனக்குச் சந்தேகம். போன நாடகத்துல மேடை விளிம்பு வரைக்கும் போயிட்டாங்க. இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா கீழதான். இல்லாத வசனத்தைப் பேசி, கையைப் பிடிச்சு இழுத்தேன். காட்சியையே கெடுத்துட்டேன்னு ஒரு மாசம் என்னோட பேசல."

"நேராவே கேட்டுடலாமே சார்?"

"கேட்டா அன்னைக்கே நடிப்பை விட்டுடுவாங்க. மத்தவங்களுக்குப் பாரமா இருக்கோம்னு தோணிட்டா அந்த இடத்துல நிக்கிற ஆள் இல்ல. எனக்கு வேணும்னு சொன்னா, திட்டிக்கிட்டாவது கட்ட விடுவாங்க."

"அதுக்காக எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கணுமா?"

"ராஜா வேஷம் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. கிழவன் வேஷமும் போட்டுப் பார்க்கிறேன்."

அடுத்த வாரக் கூட்டத்தில் உயரமான மேடைக்குத்தான் ஆதரவு. மகாராஜா கெஞ்சாத குறை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்க்கிடெக்டுக்கு உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் வக்கீலம்மா எழுந்தார்.

"மகாராஜா கேட்டதையே கட்டித் தொலைப்போம்ப்பா. இல்லேன்னா ஆயுசுக்கும் இவர் முட்டிப் புராணத்தை யார் கேக்கிறது?"

சிரிப்போடு சிரிப்பாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. மகாராஜா அசடு வழிந்தபடி தலையைச் சொறிந்தார்.

கூட்டம் கலைந்தது. வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்டிடம் வக்கீலம்மா தனியாக வந்தார். இரண்டு பக்கமும் கழுத்தை முழுசாகத் திருப்பி, யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தக் கணீர்க் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"மகாராஜா ஒண்ணு கேக்க மறந்துட்டார் மேடம். உடை மாத்துற ரூம் வாசல்ல நல்லா வெளிச்சமா ஒரு விளக்கு வேணும். அதுவும் அவர் கேட்டதாவே இருக்கட்டும்."