குளிரு ஒத்துக்கலீங்க

"குளிரு ஒத்துக்கலைன்னு பின்லாந்து வேலையவே உட்டுப்போட்டு வருவாங்களாண்ணா?"

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பங்காளி தரணீதரன், சோபாவில் சாய்ந்துகொண்டு சத்தமாகத்தான் கேட்டார்.

குமாரவேல் பத்திரிகையை வாங்கிப் பிரித்தார். காப்பி கொண்டுவந்த மருமகள் இந்துமதிதான் சொன்னாள்.

"எனக்குத்தானுங்க சின்ன மாமா. பனி சுத்தமா ஒத்துக்கல. ஊருக்குப் போலாம் போலாம்னு நாந்தான் அவரைப் புடுங்கி எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வந்ததிலிருந்து இதே பதில்தான். யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் குமாரவேலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தையல் மெஷினில் உட்கார்ந்து ஆரம்பித்து, சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்தவர் அவர். முடியவில்லை என்று ஒருத்தரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. மனைவி செல்லாத்தாள் தவறிப்போனபோதுகூட நாலு பேர் முன்னால் கண் கலங்கவில்லை. "எங்ககூட வந்திருங்கப்பா" என்று மகன் முகிலன் போனில் கூப்பிட்டபோதெல்லாம், "எனக்கென்னடா கொறை?" என்று வைத்துவிடுவார்.

அவருக்கு இருந்த ஒரே பெருமை, மகன் பின்லாந்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்பது. அதையும் இந்த மருமகள் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டாள்.

தரணீதரன் போனதும் குமாரவேலின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு சொட்டரைச் சேத்திப் போட்டுட்டு அங்கயே இருந்திருக்கலாமல்லோ கண்ணு? என்ற பையன் படிச்ச படிப்பென்ன, இப்ப கம்பெனில பீஸ் எண்ணிக்கிட்டு நிக்கறதென்ன? எல்லாம் உன்னாலதான்."

"தப்புத்தானுங்க மாமா."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சித்திரை வெயிலுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"வெயிலும் ஒத்துக்கல போல" என்று முணுமுணுத்தார் குமாரவேல்.

சாப்பிட வந்த முகிலன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க."

குமாரவேல் கார் ஷெட் நிழலில் ஒதுங்கினார். முகிலன் வெயிலிலேயே நின்றான்.

"குளிரு ஒத்துக்காதது அவளுக்கில்லீங்கப்பா. எனக்கு."

"என்றா சொல்ற?"

"அங்க மார்கழியில பத்து மணிக்கு மேலதான் சூரியன் எட்டிப் பாக்கும். ரெண்டு மணிக்கெல்லாம் போயிரும். மொத வருசம் எப்படியோ சமாளிச்சுட்டேன். அடுத்த வருசம் படுக்கையை உட்டே எந்திரிக்க முடியல. ஏன்னே தெரியாம அழுவேன். ஒரு நாளு..."

நிறுத்தினான்.

"ஒரு நாளு காலுக்குச் செருப்புக்கூட இல்லாம, ஒறைஞ்சு கெடந்த ஏரி மேல நடந்து போயிட்டனுங்கப்பா. திரும்பி வரோணும்னே தோணல. அவதான் ஓடியாந்து கட்டிப் புடிச்சு, இழுத்துட்டு வந்தா."

குமாரவேல் நிழலை விட்டு மகன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மருந்து குடுத்த டாக்டரு, முடிஞ்சா வெயிலடிக்கற ஊருக்குப் போயிருங்கன்னாரு. அவளுக்கு அங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. அந்த ஊரு பாஷையைப் படிச்சு, பரீட்சை எழுதி, அப்பத்தான் பர்மனென்ட் ஆகியிருந்தா. பனின்னா அவளுக்கு உசுருங்கப்பா. ஒரு வார்த்தை சொல்லாம எல்லாத்தையும் உட்டுட்டு வந்துட்டா."

"ஏன்டா எங்கிட்டக்கூடச் சொல்லல?"

"அவதான் வேண்டாம்னா. பையன் மனசு ஒடஞ்சு வந்துட்டான்னு ஊரு பேசுனா மாமா தாங்க மாட்டாரு, எம்பேரைச் சொல்லிக்கலாம், என்னைப் பேசுனாப் பேசிட்டுப் போகட்டும்னு பிளேன்ல வரும்போதே சொல்லிட்டா."

குமாரவேல் மகனையே பார்த்தார். ஏர்போர்ட்டில் எலும்பும் தோலுமாக வந்து இறங்கியவன். 'ஒழுங்கா ஆக்கிப் போட்டிருக்க மாட்டா' என்று அன்றைக்கும் மருமகளைத்தான் மனசுக்குள் திட்டினார். இப்போது அவன் முகம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. கன்னத்தில் சதை வைத்திருந்தது.

உள்ளே போனார். அடுப்படியில் இந்துமதி ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. வந்தது இவ்வளவுதான்.

"சாப்புட்டயா கண்ணு?"

"நீங்க வாங்க மாமா, சோறு போடறேன்."

அன்று ராத்திரி முருகன் படத்துக்கு முன்னால் நின்றபோது அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பையனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய், போதும் என்று கும்பிட்டார்.

அடுத்த வாரம் குன்னத்தூரில் தரணீதரன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் இந்துமதிக்குப் பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரர் மருதம்மாள், நாலு பேருக்குக் கேட்கிறமாதிரி ஆரம்பித்தார்.

"ஏங்கண்ணு, உனக்குக் குளிரு ஒத்துக்கலைன்னா பையனோட பொழப்பையும் கெடுத்துக் கூட்டியாந்துட்ட?"

இந்துமதி வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்தாள். அதற்குள் குமாரவேல் எழுந்துவிட்டார்.

"அவளை ஏனுங்க கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. செல்லாத்தா போனதுக்கப்புறம் எனக்குத் தனியா இருக்க முடியல. வெறும் ஊட்டுல உக்காந்து அழுதுட்டுக் கெடந்தேன். வந்துரு சாமின்னு நாந்தான் பையனைக் கெஞ்சிக் கூப்புட்டேன்."

முகிலன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். இந்துமதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

குமாரவேல் சொன்னதில், கூப்பிட்டது மட்டும்தான் பொய்.