இரண்டு ரிங்

"இனி நெட்ட ஆன் பண்ணிக்கலாமுங்க தம்பி. நம்மூருக்கு வந்தாச்சு."

கார் அவிநாசியில் திருப்பூர் ரோட்டுக்குத் திரும்பும்போது மணி அண்ணாச்சி சொன்னார். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு டிரைவரை அனுப்பாமல் அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு அதில் ஒரே பெருமை.

சிவசுப்பிரமணியம் என்பது முழுப்பெயர். எங்கள் ஊர் வழக்கத்தில் நான் அண்ணாச்சி என்பேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனிக்கு நாங்கள் இரண்டு பேர் கூட்டாளிகள். பையர், பேங்க், வெளிநாடு எல்லாம் அவர். கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் வரை நான். பத்து வருஷமாக அவர் பறந்தார், நான் தைத்தேன்.

இந்தத் தடவை, "நீங்க போய்ட்டு வாங்க சகாயம், ஜெர்மனி பையரம்மா உங்களப் பாக்கோணுமுன்னு ஆசப்படறாங்க" என்றார்.

சாத்தான்குளத்திலிருந்து மெஷின் மிதிக்க வந்தவனுக்கு ஜெர்மனி விசா. என் மனைவி மாதா கோயிலில் நன்றிப் பூசைக்கே பணம் கொடுத்துவிட்டாள்.

கிளம்பும்போது என் போனை வாங்கி அவர் கையாலேயே நெட்டை நிறுத்தினார். அங்கே ஒரு மெயில் தானாக இறங்கினாலும் ரோமிங் பில் தீட்டிவிடும். பேசினாலும் காசு. மிஸ்டு காலுக்கு மட்டும் காசில்லை. ஒரு ரிங் விட்டால் நலம். இரண்டு ரிங் விட்டால் பையரிடம் ஓகே ஆகிவிட்டது. என் மெயிலையும் சேர்த்து எல்லாம் தானே இங்கிருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் சொன்னபடி கேட்டேன். ஹாம்பர்க்கில் மழையில் ஒரு மணி நேரம் ஹோட்டலைத் தேடிச் சுற்றினேன், போனில் மேப் பார்க்கவில்லை. ஹோட்டலில் இன்டர்நெட் மணிக்கு நாலு யூரோ என்றதும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கொண்டுபோன முறுக்கைக் கடித்துக்கொண்டு, கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நெட்டை ஆன் செய்ததும் மெயில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்றாவது, உல்ரிகா மேடம் அனுப்பியது.

குழந்தை உடுப்பு வாங்கும் எங்கள் பையர் அவர்தான். முதல் ஆர்டரில் ஒரு பட்டன் குழந்தையின் தொடையில் குத்துகிறது என்று அவர் சொன்னபோது, எட்டாயிரம் பீஸையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து அவர் வேறு கம்பெனிக்குப் போனதில்லை.

மெயில் எனக்கு மட்டும் வந்திருந்தது. நான் ஜெர்மனிக்கு விமானம் ஏறிய அன்று அனுப்பியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

நீங்கள் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குப் போவதாக மிஸ்டர் மணி எழுதியிருக்கிறார். அடுத்த சீசனிலிருந்து ஆர்டர்கள் அவர் மகனின் புதுக் கம்பெனிக்குப் போக வேண்டுமாம். நீங்களே நேரில் வந்து சொல்வீர்களாம். என்னால் நம்ப முடியவில்லை. உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆர்டர் உங்களிடமே இருக்கும்.

இன்னொரு தடவை படித்தேன். இங்கிலீஷ் எனக்குத்தான் தப்பாகப் புரிகிறதோ என்று ஒரு நப்பாசை.

ஹாம்பர்க் ஆபீசில் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டதே அதைத்தான். மெயிலைப் படித்தீர்களா, நிஜமாகவே உங்களுக்கு ஓகேவா?

பையரிடம் நோ சொல்வது திருப்பூரில் கிடையாது. முதலில் ஓகே. என்ன ஏது என்பதை யூனிட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வோம். காசுக்குப் பயந்து நெட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் வெட்கம்.

"ஓகே மேடம், நோ பிராப்ளம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது. ஊர்க் குளிர் அப்படி என்று நினைத்தேன். ஆபீசில் இருந்த பதினோரு பேரும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையும் தந்தார்கள். இவ்வளவு மரியாதை என்றால் பெரிய ஆர்டர்தான் என்று அண்ணாச்சிக்கு இரண்டு ரிங் விட்டுவிட்டு நடந்தே ஹோட்டலுக்குத் திரும்பினேன்.

அண்ணாச்சியிடம் காட்டுவதற்காக எடுத்த அந்த அட்டை இப்போது என் மடியில் கிடந்தது.

பத்து வருஷம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்ட மனுஷன். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பக்கத்தில் நின்ற மனுஷன்.

திருமுருகன்பூண்டி வந்தது. எப்போதும்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. நான் எந்த மெயிலில் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாயால் சொல்ல முடியாததைப் போனையே சொல்ல வைத்துவிட்டார்.

"உங்க மவன் கம்பெனிய எப்போ தொறந்திய, அண்ணாச்சி?"

எப்போதும் உள்ள அதே மரியாதையோடு சொன்னார்.

"உங்க சம்மதமில்லாம நான் ஒண்ணும் பண்ணலீங்க தம்பி. அன்னைக்கு உங்க ரெண்டு ரிங்கு வந்தப்புறந்தானுங்க போர்டே மாட்டுனோம்."